மூன்றாவது ப்ளாக், பத்தாவது மாடி

போன தீபாவளிக்கு மறுநாள், ஒரே மத்தியானத்தில் இரண்டு வீட்டு விருந்துக்குப் போனேன். அதில் ஒரு வீட்டில் என்னை யாரும் அழைக்கவில்லை.

அழைத்தது ஓர் அக்கா. பினாங்கில் நாங்கள் முன்பு குடியிருந்த பழைய அடுக்குமாடியில் இன்னும் இருப்பவர். வாடகை கொடுக்க முடியாதவர்களுக்கென்று அரசாங்கம் அந்தக் காலத்தில் கட்டிய வீடுகள் அவை. பதினெட்டு மாடியில் எட்டு ப்ளாக், எல்லாம் ஒரே அச்சு. நான் பதினோராவது மாடியில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். அக்கா எனக்கு நேர் கீழே, பத்தாவது மாடியில்.

அங்கே துணி காயப்போட முற்றமா இருக்கிறது? பின் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியைச் செருகி, அதில் துணியைக் கோத்து நீட்டிவிடுவோம். மேல் வீட்டுக்காரி ஈரத் துணியை நீட்டுவதற்கு முன் கீழே பார்த்து ஒரு குரல் கொடுக்க வேண்டும். கீழ் வீட்டுக்காரி தன் கழியை உள்ளே இழுத்துக்கொள்வாள். எழுதி வைக்காத சட்டம் அது. எனக்குக் குரல் கொடுக்கக் கூச்சம். அதனால் பெரும்பாலும் கீழே கழி இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் நீட்டுவேன்.

ஒரு நாள் பார்க்காமல் நீட்டிவிட்டேன். புதுச் சிவப்புச் சேலை, சாயம் போகும் என்று தெரியாது. கீழே அக்கா மகனின் வெள்ளைப் பள்ளிச் சட்டைகள் மூன்று, மறுநாள் பள்ளி திறப்பதற்காகத் துவைத்துப் போட்டவை. சொட்டுச் சொட்டாகச் சாயம் அவற்றின்மேல். அக்கா தலையை வெளியே நீட்டி, "மேல யாரு, கண்ணு தெரியலையா?" என்று கத்தினார். எட்டிப் பார்த்தேன். முகத்துக்கு முகம் பார்த்துவிட்டோம். "மன்னிச்சிருங்கக்கா" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை. சில மாதத்தில் நாங்களும் வீடு மாறிப் போய்விட்டோம். பதினெட்டு வருடம் ஓடிவிட்டது.

இப்போது நான் நிபோங் திபாலில் மகளோடு இருக்கிறேன். பினாங்குத் தீவுக்கு வேலைக்குப் போய்வரும் அவள், அங்கே ஜெலுத்தோங் சந்தையில் அக்காவைத் தற்செயலாகப் பார்த்திருக்கிறாள். "ஒங்கம்மாவ தீபாவளிக்கு வரச் சொல்லு. என் வீட்டுல கை நனைச்சாத்தான் கோவம் போச்சுன்னு நெனச்சுக்குவேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. இந்த வயதில் இன்னொரு முறை இப்படிக் கூப்பிடுவார்களா?

மருமகன்தான் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். "வீடு தெரியுமா அத்தை?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அங்கே யாரும் ப்ளாக் எண் சொல்லிப் பழக்கமில்லை. எங்களுக்கு அது 'மூணாவது ப்ளாக்'. சந்தைப் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது. மருமகன் இறக்கிவிட்டது மறுமுனை என்பதை நான் கவனிக்கவில்லை. புதுச் சாயம் வேறு பூசியிருந்தார்கள். மூன்று எண்ணி உள்ளே போனேன்.

அந்த லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. பதினொன்றில் இறங்கி, ஒரு மாடி படியிறங்கி, நான்காவது கதவு. வாசலில் கோலம், செருப்புக் குவியல். சரியாகத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்தேன்.

"வாங்க ஆன்ட்டி, உள்ள வாங்க!" முப்பத்தைந்து வயது இருக்கும் ஓர் ஆள் கையைப் பிடிக்காத குறையாக அழைத்தார். அக்காவின் மகன், நன்றாகச் சதை போட்டுவிட்டான் என்று எண்ணிக்கொண்டேன். கூடம் நிறைய ஆட்கள். ஒரு சீனத்து அம்மா நகர்ந்து இடம் கொடுத்து, "மாக்கான், மாக்கான்" என்று முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார். சாப்பிடச் சொல்கிறார். தோசை வந்தது, ஆட்டிறைச்சிப் பிரட்டல் வந்தது. கை நனைக்கத்தானே வந்தோம் என்று மீதம் வைக்காமல் சாப்பிட்டேன். அக்கா அடுப்படியில் இருப்பார், வரட்டும் என்று காத்திருந்தேன். நான்கு தோசை ஆயிற்று.

கடைசியில், பரிமாறிய பெண்ணிடம் மெதுவாக, "அம்மா எங்கம்மா?" என்றேன்.

"மாமியாரா? அவங்க ஈப்போவுல சின்ன மகன் வீட்டுல இருக்காங்களே. நீங்க அவங்க கூட்டாளியா?"

எனக்கு வியர்த்துவிட்டது. எந்த வீட்டைத் தேடி வந்தேன் என்று சொன்னேன். அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். "அது அந்தப் பக்கத்துலேருந்து மூணாவது ஆன்ட்டி. பரவால்லலா, ஓப்பன் ஹவுஸ்தானே, யாரு வேணாலும் வந்து சாப்பிடலாம்! போன வருசம் ஒரு அங்கிள் இப்படித்தான் வந்தாரு. சாப்பிட்டு, தூங்கி எந்திரிச்சுத்தான் இது வேற வீடுன்னே அவருக்குத் தெரிஞ்சுச்சு."

அவரே கூட வந்து சரியான லிஃப்டில் ஏற்றிவிட்டார். லிஃப்ட் மேலே போகப் போக எனக்கு வயிறு கனத்தது. பாதி தோசை, பாதி பயம்.

அக்கா கதவைத் திறந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. குரல் மட்டும் அப்படியே.

"ஒரு மாடி எறங்கி வர்றதுக்கு ஒனக்குப் பதினெட்டு வருசமா?"

சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். உட்கார வைத்து, வாழையிலை போட்டு, சோறும் கோழிக்குழம்பும் நண்டுப் பிரட்டலும் வைத்தார். தட்டு இல்லை, இலை. எனக்காகத் தேடிப்போய் வாங்கியிருப்பார். ஒரு வாய் வைத்தேன். இறங்க இடமில்லை. அடுத்த வாய் எடுக்கக் கை வரவில்லை.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் மாறியது. "ஏன், என் வீட்டுச் சோறு ஒனக்கு ஆகாதா?"

எழுந்து போய்விடலாம் போலிருந்தது. போயிருந்தால், அது இன்னொரு ஜன்னலைச் சாத்தியது போலத்தான்.

"இல்லக்கா. வேற வீட்டுல நாலு தோச சாப்பிட்டுட்டேன்" என்றேன். நடந்ததெல்லாம் சொன்னேன். வாய் திறந்தது திறந்ததுதான் என்று, "அன்னிக்கும் திமிருல சாத்தல. பயந்து போய்ச் சாத்திட்டேன். மன்னிச்சிருங்க" என்றும் சொல்லிவிட்டேன்.

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பு.

"அடிப்பாவி! யாரு எவருன்னு தெரியாத வீட்டுல போயி நாலு தோசையா? சட்டைக்கா நான் கோவப்பட்டேன்? அந்தச் சாயம் வெளுத்துப் போச்சு. என் மூஞ்சிக்கு நேரா சாத்துனியே, அதுதான் மனசுல நின்னுச்சு. பயம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான்தான் மேல வந்திருப்பேனே."

இலையை அப்படியே மூடினார். "இப்பத் திங்காதே. வாந்தி எடுத்து வைக்காதே. பசிக்கிற வரைக்கும் பேசிக்கிட்டிருப்போம், நானும் இன்னும் சாப்பிடல" என்றார்.

பேசினோம். எதிர்வீட்டு மலாய்க்காரம்மா, உடைந்த லிஃப்ட், போய்ச் சேர்ந்த எங்கள் இரண்டு பேர் வீட்டுக்காரர்கள், எல்லாம் பேசினோம். நான் இவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

மூன்று மணிக்கு மருமகன் போன் செய்தார். "கீழ நிக்கிறேன் அத்தை, கிளம்பலாமா?" மருமகன் சொல்லி நான் ஒரு தடவைகூட மறுத்ததில்லை. அக்கா என் வாயையே பார்த்தார்.

"ஆறு மணிக்கு வாங்க தம்பி" என்றேன். "நான் இன்னும் சாப்பிடல."