பூரிங் டீச்சரின் தேங்காய் மட்டை

சான் லாசரோ ஊரில் பூரிங் டீச்சரைத் தெரியாதவர்கள் கிடையாது. புரிஃபிகாசியோன் தபியோஸ் என்ற முழுப் பெயரை, ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரே அடுத்த வாரம் மறந்திருப்பார்.

புனித கிளாரா கான்வென்டில் அவர் சிறுமியாகப் படித்தபோது அங்கே ஒரு சட்டம் இருந்தது. வாசலைத் தாண்டினால் ஆங்கிலம்தான். சொந்த மொழியான இலோகானோவில் ஒரு வார்த்தை வாய் தவறி வந்தாலும் தேங்காய் மட்டைதான் தண்டனை. பாதியாக வெட்டிய மட்டையைத் தரையில் கவிழ்த்து, ஒரு காலை அதன்மேல் அழுத்தி, முன்னும் பின்னும் தேய்த்துத் தேய்த்து மாடித் தாழ்வாரம் முழுக்கப் பளபளப்பாக்க வேண்டும். பூரிங்குக்கு வாய் கொஞ்சம் நீளம். வாரத்தில் பாதி நாள் மட்டையும் காலுமாகத்தான் இருப்பாள். பக்கத்திலேயே இன்னொரு மட்டையோடு அவள் தோழி டினாங்.

"உன்னாலதான்டி மாட்டிக்கிட்டேன்."

"நான் பேசினா பேசிட்டுப் போறேன். நீ ஏன்டி பதில் சொன்ன?"

அதையும் இலோகானோவில்தான் சொல்லிக்கொள்வார்கள். அதற்கு இன்னொரு சுற்று.

இப்படிப்பட்ட பூரிங் வளர்ந்து அதே பள்ளிக்கு ஆங்கில டீச்சராக வந்தார் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். சட்டம் எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. ஆனால் பூரிங் வகுப்பில் மட்டும் அது உயிரோடு இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம்: எந்தப் பெண்ணுக்கு மட்டை கொடுத்தாலும் தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு கூடவே தேய்ப்பார். ஊர்வம்பு முழுக்க அந்த நேரத்தில்தான் அவர் காதுக்கு வரும்.

கட்டடம் பழைய துறவிகள் கட்டியது. கீழே செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர். மேலே முழுக்க மரம். மாடி ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் சிப்பி ஓடு. சாயங்கால வெயில் அதன் வழியே பால் மாதிரி இறங்கி, நர்ரா மரப் பலகைகளில் விழும்போது, கூரையின் செதுக்கு வேலை அப்படியே தரையில் தெரியும். பூமி அதிர்ந்த வருஷம் நகரசபைக் கட்டடம் பொலபொலவென்று உதிர்ந்தது. இந்த மாடி ஊஞ்சல் மாதிரி ஆடிவிட்டு நின்றுகொண்டது. அன்று வகுப்புப் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவர் பூரிங். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, இருப்பது வாடகை அறை. வீடு என்று அவர் மனசு நினைத்தது இந்தத் தாழ்வாரத்தைத்தான்.

அந்தத் தாழ்வாரத்துக்குத்தான் ஆபத்து வந்தது. வந்தது டினாங் ரூபத்தில். கலிஃபோர்னியாவுக்குப் போய் இரண்டு முதியோர் இல்லங்கள் நடத்தி வசதியாகிவிட்ட டினாங், மாடி முழுக்க டைல்ஸ் போட்டுத் தருவதாகவும், சுவரில் தன் பேர்ப் பலகை ஒன்று மாட்டினால் போதும் என்றும் தகவல் அனுப்பியிருந்தாள். தலைமையாசிரியை சிஸ்டர் பெர்னார்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவரும் பூரிங்கிடம் படித்தவர்தான்.

"டீச்சர், பலகையில ஆணி தூக்குது, ரெண்டு எடத்துல செல்லு வேற. பிள்ளைங்க கால்ல சிலாம்பு ஏறுது. நான் என்னதான் பண்றது?"

"செல்லரிச்ச பலகைய மாத்து சிஸ்டர். காலு வலிக்குதுன்னு கால வெட்டுவாங்களா?"

"பலகைக்கு யாரு பணம் தர்றா? டைல்ஸுக்குத்தானே தர்றாங்க. திருவிழாவுக்கு நேர்ல வந்து பாத்துட்டு முடிவு சொல்வாங்க."

நேரில் பார்க்கட்டும் என்று பூரிங் கச்சை கட்டிக்கொண்டு இறங்கினார். தரை ஜொலிக்கிற ஜொலிப்பில் டினாங் வாயடைத்துப் போக வேண்டும். ஈஸ்டருக்கு எரிந்து மிச்சமான மெழுகுவர்த்தித் துண்டுகளையெல்லாம் கோயிலிலிருந்து வாரிவந்து, உருக்கி மண்ணெண்ணெய் கலந்து பூசினார். மனசு கேட்கவில்லை. மேலே இன்னொரு பூச்சு. பிறகு மட்டையால் தேய்ப்பு, அதற்குமேல் வாழை இலையால் மெருகு. திருவிழாவுக்காகக் கீழே எண்ணெய்ச் சட்டியில் எம்பனாடா பலகாரம் பொரித்துக்கொண்டிருந்த பெண்கள்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுல முகம் பாத்துத் தலை வாரலாம்!" என்றார்கள்.

திருவிழாவன்று டினாங் வந்தாள். தொப்பி, குதிகால் உயர்ந்த செருப்பு, வாய் நிறைய அமெரிக்க ஆங்கிலம். பழைய தோழியின் கன்னத்தில் ஒரு முத்தம்; அதோடு சரி. படி ஏறியதும், விருந்தாளிகள் காலுக்கடியில் போட்டுக்கொண்டு வழுக்கி நடக்க வைத்திருந்த துணிகளைத் தாண்டி, தரையில் நேராகக் கால் வைத்தாள்.

மெழுகு ஒரு கை அதிகம் என்று பூரிங்குக்கு அப்போதுதான் தெரிந்தது. டினாங் உட்கார்ந்த வாக்கில் படிக்கட்டிலிருந்து நடுத் தாழ்வாரம் வரை சர்ரென்று போனாள். தொப்பி வேறு பக்கம் போனது.

"ஆய், நானாங்கோ!" என்று அலறினாள்.

அசல் இலோகானோ. ஐயோ அம்மா என்று ஊரில் எந்தக் கிழவியும் அலறுகிற அதே அலறல்.

எல்லாம் போச்சு, நாளைக்கே டைல்ஸ் வந்து இறங்கும் என்று பூரிங்குக்குத் தோன்றியது. ஆனால் காலுக்கு அது தெரியவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் அது தானாக நீண்டு, சுவரோரம் கிடந்த மட்டையை டினாங் பக்கம் தள்ளிவிட்டது. தள்ளிய பிறகுதான் பூரிங்குக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

டினாங் மட்டையைப் பார்த்தாள். பூரிங்கைப் பார்த்தாள்.

"அடிப்பாவி! நீ இன்னும் திருந்தவே இல்லையாடி?" அதுவும் இலோகானோவில்தான் வந்தது.

"இது ரெண்டாவது," என்றார் பூரிங். "ரெண்டு சுத்து."

டினாங் செருப்பைக் கழற்றி வீசினாள். சுவரைப் பிடித்து எழுந்தாள். கால் மட்டையில் ஏறியதும் இடுப்பு தானாக ஆட ஆரம்பித்தது. பூரிங் இன்னொரு மட்டையோடு பக்கத்தில் சேர்ந்துகொண்டார். தாழ்வாரத்தில் பாதி தூரம் தேய்த்து வந்ததும் டினாங் கேட்டாள்.

"ஜெபக்கூடக் கதவுகிட்ட ஒரு பலகை காட்டிக்கொடுக்குமே, அது இருக்கா?"

"போய் மிதிச்சுப் பாரு."

டினாங் மிதித்தாள். கான்வென்ட் தலைவி மதர் வருகிறார் என்று அந்தக் காலத்தில் எச்சரித்த அதே குரலில் பலகை கீச்சிட்டது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பூரிங்கின் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் விசும்பினாள்.

"நான் வெறுத்தது இந்தத் தரையைன்னு நெனச்சிட்டிருந்தேன்டி. அங்க என்கூட இப்படிப் பேச ஒரு நாதி இல்ல."

மூக்கைத் துடைத்துக்கொண்டு சிஸ்டரைக் கூப்பிட்டாள். "செல்லரிச்ச பலகைய மாத்துங்க, பணம் நான் தர்றேன். டைல்ஸ பாத்ரூம்ல போடுங்க."

"அப்போ உங்க பேர்ப் பலகை?" சிஸ்டர் ஜாக்கிரதையாக ஆங்கிலத்தில் கேட்டார்.

"அதையும் பாத்ரூம்லயே மாட்டுங்க."

"ஆய், ஆப்போ! ஆண்டவரே, உங்க பேரையா? பாத்ரூம்லயா?" பதறிப்போன சிஸ்டர் பெர்னார்தா, தன்னை மறந்து இலோகானோவுக்குத் தாவிவிட்டார்.

இரண்டு கால்கள் ஒரே நேரத்தில் நீண்டன. இரண்டு மட்டைகளும் சிஸ்டரின் முன்னால் வந்து நின்றன.

சிஸ்டர் முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு அங்கியை ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பூரிங் டீச்சரின் மட்டையில் காலை வைத்தார்.