துணி ஒட்டிய சமையலறை அலமாரி

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், வணிகவியல் பட்டதாரியான நான் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியின் மேலாளர். என் கையெழுத்தின்றி அங்கிருந்து ஒரு லாரியும் வெளியேறியதில்லை. அப்போதுதான் சர்க்கரை நோய் என் மனைவியின் பார்வையைப் பறித்தது.

விருந்தினர் காப்பியில் சர்க்கரை என்று உப்பைப் போட்டுவிட்ட அன்று, அவள் அடுப்படியிலேயே நின்று அழுதாள். அவளுக்காக நானே ஓர் அலமாரியை வரைந்து, பிளைவுட்டில் செய்தேன். பொருளுக்கொரு அறை, அறையின் விளிம்பில், விரலுக்கு அடையாளம் தெரிய, வெவ்வேறு பனியன் துணி. உப்புக்கு வரிவரியான ரிப். சர்க்கரைக்கு, குளிராடை தைக்கும் பஞ்சுபோன்ற ஃபிளீஸ்.

தடவிப் பார்த்தவள், "ஏனுங்க, சர்க்கரைக்கு எதுக்குங்க ஃபிளீசு? எறும்புக்குக் குளிருமுங்களா?" என்று சிரித்தாள்.

அதன்பின் உப்பும் சர்க்கரையும் இடம் மாறவில்லை. சிறுநீரகமும் கைவிட்டு அவள் படுக்கையில் விழும்வரை அவளே சமைத்தாள். பிறகு எழவேயில்லை. அந்த ரிப் துணியில் அவள் விரல் பட்ட இடம் மட்டும் இன்றும் கறுத்திருக்கிறது.

சமையலுக்கு ஆள் வைக்க மனமின்றி, கண் தெரியாதவளை நான் வேலை வாங்கியதாக உறவினர் பேசுகின்றனர். ஆளை நான் அழைத்து வந்தேன். "என்ற அடுப்படிக்குள்ள வேற ஆரும் வேண்டாமுங்க" என்று திருப்பியனுப்பியவள் அவள்.