சுவரில் மாட்டிய மகள்

மருந்து விற்கும் நேரமெல்லாம் மருந்தியல் படித்த ஒருவர் கடைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தெருவில் இருந்த மருந்துக்கடைகள் எல்லாமே விதியை மதித்தன. படித்தவர் உள்ளேதான் இருந்தார்: சுவரில், கண்ணாடிக்குள், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படத்தோடு. விற்றவர்கள் மட்டும் வேறு.

நான் சொல்ல வந்த கடையின் முதலாளி பள்ளிப்படிப்பை முடித்தாரா என்பது, அன்றைக்கு அவர் யாரிடம் பேசுகிறார் என்பதைப் பொறுத்தது. ஆனால் கைராசிக்காரர் என்று பெயர். மாத்திரையின் பெயரைப் படித்து எடுக்கும் வழக்கமே அவரிடம் கிடையாது. பெட்டியின் நிறம், தட்டில் அதன் இடம், அவ்வளவுதான். பிரஷருக்கு மேல்தட்டு நீலம், சர்க்கரைக்கு நடுத்தட்டு பச்சை, வாயுவுக்குக் கீழே ரோஸ். "கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன்" என்பார். ஏதோ பெருமைக்குச் சொல்கிறார் என்று வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

சுவரில் இருந்தவர், மருந்தியல் படித்துவிட்டு இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்த ஒரு மனிதர். சான்றிதழை வாடகைக்கு விட்டிருந்தார். மாதம் ஒருமுறை வந்து வருகைப் பதிவேட்டில் முப்பது நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவார். பாதியில் பேனாவை மாற்றிக்கொள்வார், பார்க்க இயல்பாக இருக்க வேண்டுமல்லவா. முதலாளிக்கு அவர்மேல் தீராத எரிச்சல்.

"சும்மா தொங்கறதுக்கே இவ்வளவு பிகு பண்றான். நம்ம வீட்லயே ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்?"

வீட்டிலேயே ஒன்று இருந்தது. வயது பதினேழு. ஒரே மகள். அவளை மருந்தியலில் சேர்த்துவிட்டு வந்த அன்றே அப்பா அவளுக்கு ஒரு செல்லப்பெயரும் வைத்துவிட்டார். "நம்ம சர்டிபிகேட் சாப்பிட்டாச்சா?" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பார். அம்மாவும் சிரித்துக்கொண்டே, "சர்டிபிகேட் இன்னும் குளிக்கவே இல்ல" என்பாள். பாசமான குடும்பம். அதில் சந்தேகமே வேண்டாம்.

முதல் வருடம் சர்டிபிகேட்டுக்கு ஒரு விபத்து நேர்ந்தது. காதல் என்றால் அம்மா அழுது ஆறியிருப்பாள். இது கல். மருந்தியல் ஆய்வகத்துக்கு எதிர்வரிசையில் நிலவியல் துறை. ஒருநாள் மதியம் அங்கே கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு வாத்தியார் ஒரு சாம்பல் நிறக் கல்லின்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டார். கல் நுரைத்தது. காலையில்தான் அவள் தன் ஆய்வகத்தில் வயிற்றெரிச்சல் மாத்திரையின்மேல் அதே அமிலத்தை விட்டு அதே நுரையைப் பார்த்திருந்தாள். மாத்திரையைப் பார்த்து, தரம் சரி என்று எழுதினாள். கல்லைப் பார்த்து வாத்தியார் சொன்னார்: "இது ஒரு காலத்துல கடலடியில இருந்தது."

வாசலில் நின்றிருந்தவளிடம், "உள்ள வாம்மா, வெளியிலேர்ந்து பார்த்தா கல்லு கல்லாத்தான் தெரியும்" என்றார். அவருக்குக் கல்லூரி முழுக்கக் 'கல் வாத்தியார்' என்றே பெயர். அவர் துறையில் சேர ஆளே வராது என்பதால், கதவை எப்போதும் திறந்தே வைத்திருப்பார்.

அந்த வருடக் கடைசிக்குள் துறை மாறிக்கொள்ளலாம். இடம் காலி. மதிப்பெண் போதும். ஒன்றே ஒன்று வேண்டும், விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து.

கடையில் தினமும் மாலை நாலு மணிக்குச் சரக்கு வரும். பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு ஆட்கள் ரசீதுகளை நீட்டுவார்கள். முதலாளி ஒரு கையால் கையெழுத்துப் போட்டு, மறு கையால் முத்திரை குத்தி, வாயால் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருப்பார். படிப்பது என்பது அந்த ஏற்பாட்டிலேயே இல்லை. அவள் தன் விண்ணப்பத்தை ரசீதுகளுக்கு நடுவில் செருகினாள். கையெழுத்து விழுந்தது. முத்திரையும் விழுந்தது.

மறுநாள் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர் அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"என்னம்மா இது? 'சரக்கு சரிபார்த்துப் பெறப்பட்டது, உடைசல் இல்லை'ன்னு போட்டிருக்கு?"

"அப்பா மருந்துக்கடை வச்சிருக்கார் சார்."

"அப்போ சரக்கு யாரு, நீயா?"

பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். இன்னும் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, எழுத்தர் பொறுப்பானவர் என்பதால், முத்திரையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தார்.

அப்பா அடிக்கவில்லை, கத்தவுமில்லை. கத்த அவருக்கு நேரமில்லை, கடையில் கூட்டம். கல்லாவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் வாடிக்கையாளர்கள், நடுவில் குற்றவாளி.

"கல்லைப் படிச்சு என்ன பண்ணுவே?"

"மலை எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கலாம்பா."

"அதான் வந்துடுச்சே. விடு."

"அண்ணே, காய்ச்சல் மாத்திரை ஒரு அட்டை. பாப்பா ஏன் அழுவுது?"

"கல்லு படிக்கணுமாம்."

"வீடு கட்டற கல்லா?"

"இல்லப்பா. சும்மா கிடக்கற கல்லு."

காய்ச்சல்காரர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். தன் நோயே தேவலை என்று தோன்றியிருக்க வேண்டும்.

கூட்டம் குறைந்ததும் அப்பா குரலை இறக்கினார். "நான் வேணாம்னா சொன்னேன்? கையில இருக்கறதை முடி. அப்புறம் ரெண்டாவது டிகிரியா கல்லு படி, மண்ணு படி. நானே வண்டியில கொண்டுபோய் விடறேன். இப்ப மாத்தினா உனக்கு ஒரு டிகிரி. என் பேச்சைக் கேட்டா ரெண்டு. எது நல்லது, நீயே சொல்லு."

அம்மாவுக்கு மகளின் புத்தி பிடிபடவே இல்லை. "அப்பா ரெண்டு தர்றேங்கறார், இவ ஒண்ணு போதும்கறா. இப்படியும் ஒரு பொண்ணு உண்டா?"

அவள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றாள். பதினெட்டு வயதில் மீதமிருந்த மூன்று வருடம் என்பது சின்னத் தொகையாகத்தான் தெரியும்.

மருந்தியல் முடிந்தது. சான்றிதழ் வந்தது. இன்சூரன்ஸ்காரர் தன்னுடையதை எடுத்துப்போக வந்தார். கண்ணாடியில் படிந்திருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்து, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே அவளிடம் சொன்னார்: "ஒரே ஒரு வருஷத்துக்குன்னுதான் குடுத்தேன்மா. அப்புறம் சினிமா எடிட்டிங் படிக்கறதா இருந்தேன்."

"படிச்சீங்களா சார்?"

"நீ பாலிசி ஏதாவது எடுத்திருக்கியாம்மா?"

அவர் இருந்த இடத்தில் அவள் ஏறினாள். அப்பா கீழிறங்கி நின்று பார்த்து, கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருப்பதாகச் சொல்லி மறுபடி ஏறிச் சரிசெய்தார். கண் கலங்கியிருந்தார். அன்று முதல் கடையின் ஒவ்வொரு பில்லிலும், மருந்தை வழங்கியவர் என்ற இடத்தில் அவள் பெயர் அச்சானது.

அப்பா வாக்குத் தவறாதவர். அடுத்த மாதமே நிலவியலில் சேர்த்துவிட்டார். சொன்னபடி தினமும் காலையில் வண்டியில் கொண்டுபோயும் விட்டார். "நீ இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, அதான் மாட்டியாச்சே" என்று உற்சாகமாகச் சொன்னார். மருந்தாளுநர் இல்லாத நேரத்தில் விற்பது எத்தனை குற்றம் என்று மருந்தியலில் ஒரு முழுப் பாடம் உண்டு. அந்தப் பாடத்தில் அவள்தான் வகுப்பிலேயே முதல். இருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஆறு நாளுக்கும் கையெழுத்துப் போட்டாள். ஆரம்பத்தில் கை கூசியது. பிறகு வேறு பேனாவும் வாங்கிக்கொண்டாள்.

வகுப்பில் பதினேழு வயதுக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க பெயிலாகிப் பெயிலாகி வந்தீங்களா?" என்று ஒரு பெண் அக்கறையாக விசாரித்தாள். ஒரு டிகிரி முடித்துவிட்டு வந்ததாகச் சொன்னதும், "ஐயோ பாவம்" என்றாள். சர்டிபிகேட்டின் வாழ்க்கையில் நிலவியலில் கழித்த அந்த எட்டு மாதங்கள்தான் நல்ல மாதங்கள். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நன்றாக இருந்தாள், அவ்வளவுதான்.

பதினேழாம் தேதி, சனிக்கிழமை, கட்டாயக் களப்பயணம். அதற்கு வராதவர்கள் அந்த வருடத் தேர்வு எழுத முடியாது. சாலை போடுவதற்காக வெட்டிய ஒரு குன்றின் ஓரத்தில் பத்து மணியிலிருந்து சுத்தியலோடு திரிந்தார்கள். மூன்று மணி வாக்கில் அவள் உடைத்த ஒரு கல்லுக்குள் சிப்பியின் அச்சு இருந்தது, விசிறி மாதிரி, ஒரு கோடுகூடச் சிதையாமல். கல் வாத்தியார் அதை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு சின்னக் காகிதத்தில் தேதியையும் அவள் பெயரையும் எழுதிக் கல்லின் அடியில் ஒட்டினார்.

அதே மூன்று மணி வாக்கில், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் கடைக்கு வந்து சர்க்கரை மாத்திரை கேட்டார். முதலாளி நடுத்தட்டிலிருந்து பச்சையை எடுத்துக் கொடுத்தார். கம்பெனிக்காரன் அந்த மாதம் நிறத்தை மாற்றியிருந்தான். குறைந்த வீரியம் ஆரஞ்சுக்குப் போய், மூன்று மடங்கு வீரியம் பச்சைக்கு வந்துவிட்டது. ஒரு வாரம் முன்பே எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. முதலாளி அதில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, பத்திரமாகக் கோப்பில் வைத்திருந்தார்.

டிரைவர் இரண்டாம் நாள் மாடிப்படியில் மயங்கி விழுந்தார். நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்துக்கொண்டார். அவர் மகன் பில்லை எடுத்துக்கொண்டு நேராக மருந்து ஆய்வாளரிடம் போனான்.

ஆய்வாளர் மரியாதையான மனிதர். தேநீர்கூட வேண்டாம் என்றார். சுவரைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பில்லுல உங்க பேர் இருக்கு. மாத்திரையைக் குடுத்தது நீங்கதானா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்க இருந்து கை தவறிப்போச்சுன்னா உங்க பேர்ல ஒரு எச்சரிக்கை, அதோட முடிஞ்சது. நீங்க இல்லாம வித்திருந்தா இன்னிக்கே கடைக்குப் பூட்டு. லைசென்ஸ் திரும்ப வராது. யோசிச்சுச் சொல்லுங்க."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை மட்டும் கல்லாவின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது. அம்மாதான் சொன்னாள்: "சொல்லேன்டி, வாயில என்ன வச்சிருக்கே? இருந்தேன்னு சொல்லு."

"நான்தான் குடுத்தேன்."

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். எழுந்திருக்கும்போது, "நீங்க ஏதோ காலேஜ்ல படிக்கறதா புகார்ல இருக்கு. பதினேழாம் தேதி நீங்க அங்க வரலைன்னு துறையிலேர்ந்து ஒரு கடிதம் வாங்கிக் குடுத்துடுங்க. பைலை மூடிடலாம்" என்றார்.

அவர் போனதும் அப்பாவுக்கு மூச்சு வந்தது. "ஒரு நாள் ஆப்சென்ட்தானே, என்ன இப்போ?"

"அந்த ஒரு நாள் வரலைன்னா இந்த வருஷமே கிடையாதுப்பா. ரெண்டாவது டிகிரிக்கு வந்தவங்களை மறுபடி சேர்த்துக்கவும் மாட்டாங்க."

அப்பா நிஜமாகவே வருத்தப்பட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். பிறகு அவருக்கு ஒரு வழி தோன்றியது.

"சரி விடு. மூணாவதா வேற ஏதாவது பார்க்கலாம்."

மறுநாள் காலை வழக்கம்போல வண்டியில் கொண்டுபோய் விட்டார். சீக்கிரம் வந்துவிடச் சொன்னார், ஆய்வாளர் திரும்பி வந்தாலும் வரலாம் என்று. அவள் நேராக நிலவியல் துறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது.

கல் வாத்தியார் முழுக்கக் கேட்டார். மேசைமேல், தட்டில், அந்தச் சிப்பிக் கல் இருந்தது.

"நீ வந்தே. நான் பார்த்தேன். கூட வந்த பசங்க எல்லாரும் பார்த்தாங்க."

"வரலைன்னு எழுதுங்க சார்."

"நான் பொய் எழுதணுமா?"

"எல்லாரும் எழுதறதுதான் சார். முதல் தடவை மட்டும் கொஞ்சம் கஷ்டமா இருக்கும்."

"அப்போ இதை எடுத்தது யாரு?" அவர் கல்லைக் காட்டினார்.

"பசங்க யார் பேரையாவது போட்டுக்குங்க."

அவர் ஜன்னலை, கல்லை, கடைசியாக அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் ஏதாவது தடுமாற்றம் தெரிகிறதா என்று தேடினார் போலிருக்கிறது. துறைத்தாள் ஒன்றை எடுத்தார், எழுதினார், மடிக்காமல் அவளிடம் நீட்டினார்.

அவள் அந்தக் கடிதத்தை நின்றபடியே, ஒவ்வொரு வார்த்தையாக, இரண்டு தடவை படித்தாள். பிறகு திருப்பி மேசையில் வைத்தாள்.

"தேதி தப்பா இருக்கு சார். பதினாறுன்னு எழுதியிருக்கீங்க. பதினேழு."

அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் திறக்கவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு அவர் திருத்திக் கொடுத்தார்.