அக்காவின் தட்டில் பாதி மீன்

எங்கள் அக்கா தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். கல்யாணமாகி பினாங்குத் தீவுக்கு வந்தார். மகள் கைக்குழந்தையாக இருக்கும்போதே அத்தான் தவறிவிட்டார். தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்து மகளைப் படிக்கவைத்தார். கல்யாணமாகாத தம்பி என்ற தகுதியில் வீட்டோடு ஒட்டிக்கொண்ட எனக்கும் அவர்தான் சோறு போட்டார். நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது பெரும்பாலும் பேச்சு மட்டும்.

அக்காவுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. பசாரில் கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது நேத்தே செத்துப்போச்சுலா, அண்ணே" என்று மீன்காரரையே சிரிக்கவைப்பார்.

சிறுநீரகம் பழுதானதும் ஆஸ்பத்திரி உணவு ஆலோசகர் அம்மா புரதத்தைக் குறைக்கச் சொன்னார். கருவாடும் டின் மீனும் கூடாது. புது மீன், அதுவும் கொஞ்சமாக, உப்பு குறைத்து. அன்றிலிருந்து சமையலறைக்கு நான்தான் போலீஸ். பாதி மீன் அக்காவுக்கு, மீதி எனக்கு. நோய் அவருக்கு, தொப்பை எனக்கு.

"டேய், பூனையா பொறந்திருந்தா முழு மீன் கெடைச்சிருக்கும்டா."

"பூனைக்குக் கிட்னி நல்லாருக்குக்கா."

பிறகு டயாலிசிஸ் தொடங்கியது. உணவு முறை மாறும், வந்து பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். "எங்களுக்குத் தெரியாததா?" என்று நான்தான் தட்டிக் கழித்தேன். ரத்தத்தைச் சுத்தம் செய்யும்போது புரதமும் கொஞ்சம் போய்விடும், இனி மீனைக் கூட்ட வேண்டும் என்பது அந்தத் தெரிந்தவனுக்குத் தெரியவில்லை. தட்டில் பாதி மீனே தொடர்ந்தது. அக்கா மெலிந்துகொண்டே போனார்.

ஒருநாள் அந்த உணவு ஆலோசகர் அம்மாவே டயாலிசிஸ் வார்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "யாரு இவங்களுக்கு மீனைக் கொறைச்சது?" என்று கேட்டார்.

"எனக்குத்தான் பசிக்கல, மிஸ்" என்றார் அக்கா.

அன்று மாலையே முழு மீன் பொரித்தேன். கேட்ட காலத்தில் நான் கொடுக்கவில்லை. கொடுத்தபோது அவர் நாக்குக்கு வேண்டியிருக்கவில்லை. என் மனம் நோகக்கூடாதென்று இரண்டு வாய் சாப்பிட்டார்.

அக்காவின் இதயம் நின்றதற்கு மீன் காரணமில்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். என் மனசு இன்னும் அவரிடம் அப்பாயிண்ட்மெண்ட் வாங்கவில்லை.

பதினாறாம் நாள் படையலுக்கு இலையில் மீன் வைத்தேன். அக்காவின் மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, இன்னுமா பாதி?"

குனிந்து பார்த்தேன். கை தானாக வெட்டியிருந்தது.

அக்காவைத் தாங்கிப் பிடித்த டயாலிசிஸ் நர்சுகளுக்கும், வண்டியில் ஏற்றி இறக்கிய பக்கத்து வீட்டாருக்கும், செபராங் ஜெயாவிலிருந்து வாராவாரம் ஓடிவந்த மகளுக்கும் எங்கள் நன்றி. உங்கள் வீட்டிலும் இந்த நோய் இருந்தால், சிகிச்சை மாறும்போதெல்லாம் சாப்பாட்டைப் பற்றியும் போய்க் கேளுங்கள். என்னைப் போன்றவர்களிடம் கேட்காதீர்கள்.

இந்த முதலாண்டு நினைவு நாளில் எல்லாரும் இருந்து சாப்பிட்டுப் போக வேண்டும். மீன் உண்டு. பரிமாறப் போவது மகள், நான் இல்லை.