பச்சைச் சாயம் அடித்த விமானம்

தம்போயில் நான் பாடம் நடத்தும் பள்ளியில் இன்று மாதிரி விமானப் பயிற்சி. ஒரு மாணவி பால்சா மர இறக்கையை நீட்டினாள். "சார், எங்கப்பா இதுக்குச் சாயம் அடிச்சித் தரேன்னாரு. அடிக்கலாமா?"

காயாத பசையின் நெடி மூக்கில் ஏறியது.

சிகாமட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது எனக்குப் பதினொரு வயது. பள்ளியில் கொடுத்த பால்சாவை மூன்று வாரம் அறுத்துத் தேய்த்து நான் செய்த விமானம் அது. போட்டிக்கு முந்தின நாள் நான் டியூஷன் போயிருந்தபோது, அப்பா அதற்குப் பச்சைச் சாயம் பூசிவிட்டார். எங்கள் வீட்டுக் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சாயம். மழைக்குத் தாங்கட்டும் என்று இரண்டு பூச்சு.

மறுநாள் திடலில், கையை விட்டதும் விமானம் மூக்குக் குத்தி விழுந்தது. சாயம் அவ்வளவு பாரம்.

"அலமாக், கல்லு பறக்குதுடா!" என்று பையன்கள் சிரித்தார்கள்.

செம்பனைக் குலை வெட்டும் வேலையை அன்று விட்டுவிட்டுப் பார்க்க வந்திருந்தார் அப்பா. அத்தனை பேர் முன்னால் அவரிடம் கத்தினேன். "படிக்காதவங்களுக்கு என்னா தெரியும்? ஏன் தொட்டீங்க?"

அவர் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு என் புத்தகம் எதையும் அவர் தொட்டதில்லை. பொறியியல் பட்டத்தை அவர் கையில் கொடுக்கப் போனபோது, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம்பா. நான் தொட்டா கெட்டுடும்."

இரண்டே மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மாணவி இன்னும் காத்திருந்தாள்.

"அடிக்கச் சொல்லும்மா," என்றேன்.

"பாரமாயிடுமே சார், பறக்காதே?"

"பறக்காதும்மா."

"ஆனா அப்பா கை பட்டதா இருக்கட்டும்," என்று இறக்கையை அவள் பக்கமே நகர்த்தினேன்.