ஒரு வாரத்தில் உடையாத கோட்டை

குழந்தைக்கு நல்ல பொம்மைக் கோட்டையை எப்படிப் பார்த்து வாங்குவது என்று யாராவது என்னிடம் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஒன்பது வயதிலேயே தெரியும். தெரிந்ததால் வந்த வினைதான் எல்லாம்.

அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஓடுகிற பெல்ட்டிலிருந்து சிந்தும் கரியை மண்வெட்டியால் வாரி மறுபடி பெல்ட்டில் போடும் வேலை. அவரோடு இன்னும் ஏழு பேர். கான்ட்ராக்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் யார் இருக்கலாம், யார் போகலாம் என்று பெயர் எழுதுவது கான்ட்ராக்டரின் மேனேஜர். எங்கள் நிலத்தை எடுத்துக்கொண்ட சுரங்கம்தான் அது. அதில் கரி வாருவதற்கும் இந்த ஆள் பெயர் எழுத வேண்டுமாம். அவர் மகனின் பிறந்தநாள் சரியாகப் பெயர் எழுதும் மாதத்தில்தான் வந்து தொலைக்கும். எட்டுப் பேரும் சேர்ந்து பரிசு கொடுப்பார்கள். கொடுங்கள் என்று யாரும் கேட்டதில்லை. கொடுக்காமல் இருக்கவும் யாருக்கும் தைரியமில்லை.

முந்தின வருஷம் கொடுத்த ரிமோட் கார் மூன்றாம் நாளே நின்றுவிட்டது. மேனேஜர் பெல்ட் பக்கத்தில் நின்று எல்லார் முன்னாலும் சிரித்தார். “ஒங்கள மாதிரியேதான்யா ஒங்க காரும். மூணு நாள் வேலை செஞ்சிட்டுப் படுத்துக்குது” என்றார். அந்தக் காரை வாங்கி வந்தவருக்கு அடுத்த கான்ட்ராக்டில் பெயர் இல்லை. காருக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்க யாருக்கும் வாயில்லை. இந்த வருஷம் வாங்கும் முறை அப்பாவுடையது.

இதில் எதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. மேனேஜர் மகன் கோட்டை கேட்டிருக்கிறான் என்பதுகூடத் தெரியாது. அப்பா என்னை சைக்கிளில் வைத்து பஜாருக்கு அழைத்துப் போய், நல்ல கோட்டையாகப் பார்த்து எடுக்கச் சொன்னார். பொம்மைக் கடைக்கு அப்பா கூட்டிப்போனால் ஒரு பெண் என்ன நினைப்பாள்?

கடைக்காரர் எங்கள் செருப்பைப் பார்த்துவிட்டுக் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். கதவு மடிகிற இடத்தில் அப்போதே வெள்ளைக்கோடு விழுந்திருந்தது. நாலு தடவை திறந்தால் கையோடு வந்துவிடும். வேண்டாம் என்றேன். அடுத்ததைச் சுரண்டினால் பெயின்ட் நகத்தில் ஒட்டியது. இன்னொன்றின் கோபுர ஓரம் விரலைக் கீறியது. மேல்தட்டில் இருப்பதைக் கேட்டேன்.

“அது ஆபீசர் வூட்டுப் புள்ளைங்க வாங்கறது பாப்பா” என்றார்.

அப்பா சண்டை போடவில்லை. எடுங்க, பாக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

அதுதான் கோட்டை. கதவுக்குத் தனியாக இரும்புக் கீல். கோபுரங்கள் சுவரில் டக்கென்று பூட்டிக்கொண்டன, தலைகீழாகத் தூக்கியும் கழன்று விழவில்லை. வாசல் பாலத்தை இழுக்க நூல் கிடையாது, சங்கிலி. இருபது தடவை ஏற்றி இறக்கினேன். “இது ஒடையாதுப்பா” என்றேன். அப்பா பெருமூச்சு விட்டுச் சிரித்தார். மகள் கெட்டிக்காரி என்று பூரித்துப்போகிறார் என நினைத்துக்கொண்டேன்.

கலர் பேப்பர் சுற்றியபோதுகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. சைக்கிள் மேனேஜரின் மாடி வீட்டு வாசலில் நின்றது. அவர் மனைவி பெட்டியை வாங்கி, ஏறிட்டும் பார்க்காமல், மற்ற பெட்டிகளின் மேல் வைத்தார்.

“அது என்னுது” என்றேன், சத்தமாகவே.

அப்பா என் வாயைப் பொத்தினார். “சும்மா வெளையாட்டுக்குச் சொல்லுதுங்க” என்று அந்தம்மாவிடம் இளித்தார். அந்த இளிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

திரும்பும் வழியில் கேரியரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்தான் கேட்டார். “அந்தச் சங்கிலி நெசமாவே அறாதாடி?”

“அறுந்துடும். கதவும் பிச்சிக்கும். ஒரே வாரத்துல குப்பைக்குப் போயிடும்.”

வேறு எப்படிப் பழிவாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா மிதிப்பதை நிறுத்திவிட்டார். சைக்கிள் கொஞ்சதூரம் தானாக உருண்டு நின்றது.

“கடையில ஒடையாதுன்னு சொன்னியே?”

“அது எனக்குன்னு நெனச்சிகினு சொன்னேன்.”

மறுநாளிலிருந்து, பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா என்னை நேர்வழியில் அழைத்து வரவில்லை. மேனேஜர் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வருவார். தெருமுனைக் குப்பைத்தொட்டி அருகே வந்ததும் ஒரு காலைத் தரையில் ஊன்றி உள்ளே எட்டிப் பார்ப்பார். தினமும் பார்த்தார். கோட்டை உடைந்து அங்கே கிடந்தால் எனக்கு எடுத்துத் தரத்தான் தேடுகிறார் என்று நினைத்தேன். அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. நானும் கேரியரில் எழுந்து நின்று, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்காவது கிடக்க வேண்டும் சாமி என்று வேண்டியபடி எட்டிப் பார்ப்பேன்.

“இன்னிக்கும் இல்லப்பா” என்பேன், அழாத குறையாக.

“ஆமாண்டி, இல்ல” என்று சொல்லிவிட்டு அப்பா வேகமாக மிதிப்பார். அந்த வேகம் அவருக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.