காற்றளவுக்காரரின் பதினேழு தொட்டிகள்

நான்கு மாடி அலுவலகத்தின் உச்சியில், காற்றிலுள்ள தூசியை அளக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. அதற்குத் தாள் மாற்றுவதுதான் அவருடைய வேலை. தினமும் காலையில் அழுக்கேறிய வட்டத் தாளை இடுக்கியால் எடுத்து உறையிலிட்டு, புதிய வெள்ளைத் தாளை வைப்பார். கீழே லாரிச் சாலை. அதற்கப்பால் சிமெண்ட் கிடங்கு. அலுவலகத்தில் அவருக்குத் 'தூசியார்' என்று பெயர். பெயர் வைத்தவர்களில் ஒருவர்கூட மாடிக்கு வந்ததில்லை.

மனைவி இறந்தபின் அவள் வளர்த்த பதினேழு செடித் தொட்டிகளையும் மாடிக்குக் கொண்டுவந்து இயந்திரத்தைச் சுற்றி வைத்தார். பகலெல்லாம் பூட்டிய வீட்டில் அவை வாடிக்கொண்டிருந்தன. காலையும் மாலையும் செடிக்கு ஊற்றிய கையோடு, வெக்கை தணியத் தரைக்கும் தண்ணீர் தெளித்துவிடுவார்.

இரண்டு வருடம் கழித்து, அளவுகளைத் தொகுக்கும் அலுவலகப் பொறியாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணே, உங்க பக்கம் தூசி பாதியாயிடுச்சு! கிடங்கை ஊருக்கு வெளியே மாத்துற திட்டத்தையே நிறுத்திட்டாங்க."

அவர் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்று பார்த்தார். எதிர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. கொடியில் காய்ந்த துணி சாம்பல் பூத்திருந்தது. இவ்வளவு நாளும் இயந்திரம் தெருவை அளக்கவில்லை, தன் ஈரத் தரையைத்தான் அளந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாளே பொறியாளரின் அறைக்குப் போனார். "சார், அந்த அளவு தப்பு. சுத்தி செடி வச்சு, தண்ணி தெளிச்சது நான்தான்."

"ஊரே பச்சையாகணும்னு கூட்டம் போட்டுப் பேசறோம். நீங்க செடி வச்சது குத்தம்ங்கறீங்க!"

"செடி மேல குத்தமில்ல சார். வச்ச இடம் குத்தம்."

"எழுதிக் குடுத்தா உங்க தலையிலதான் விடியும். வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதீங்கண்ணே."

எழுதிக் கொடுத்தார். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. இரண்டு வருட அளவும் ரத்தாயிற்று. தொட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். கீழ்த்தளத்தார் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பொறியாளர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கைப்பிடிச் சுவரை விரலால் தடவிப் பார்த்தார். "முழுசா ஒரு வருஷம் திரும்ப அளக்கணும்ணே. அப்புறம்தான் திட்டத்தை எடுப்பாங்க."

அவர் ஓய்வு பெற எட்டு மாதமே இருந்தது.

"மீதி நாலு மாசம் யாரு சார் தாள் மாத்துவாங்க?"

"யாராவது வருவாங்க."

"வர்றவங்ககிட்ட சொல்லிடுங்க. வெயில் தாங்காது, தரை கொதிக்கும். தண்ணி மட்டும் தெளிக்கக் கூடாது."